“தூங்குறான்னு நினைச்சுட்டோம்”: மகனை இழந்த அப்பாவுக்கு ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குன்னூர் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் அப்பா எழுதியிருக்கிறார். மூத்த மகனுக்கு 20 வயது, கோவையில் கல்லூரிப் படிப்பு. நண்பர்களோடு தங்கியிருந்த அறையில் ஒரு ராத்திரி குடித்துவிட்டு, வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகவும் போட்டிருக்கிறார்கள். “குறட்டை விட்டான், தூங்குறான்னு நினைச்சுட்டோம்” என்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். விடிந்து பார்த்தால் உடம்பு சில்லிட்டிருக்கிறது. ஊரில் மாரடைப்பு என்று சொல்லி அடக்கம் செய்துவிட்டார்கள். எட்டு மாதம் ஆகிறது. பள்ளிக்கூடங்களுக்குப் போய் மாணவர்களிடம் பேச வேண்டும் என்று இவருக்குத் தோன்றுகிறது. மனைவிக்குச் சம்மதமில்லை, “செத்த பிள்ளைய மறுபடி சந்தியில நிறுத்தணுமா?” என்று கேட்கிறார். பத்தாவது படிக்கும் மகள் ஒருத்தி இருக்கிறாள். உண்மையை வெளியே சொல்லலாமா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டவர், கடைசி வரியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: “யாராவது பார்த்திருந்தா பிழைச்சிருப்பானா?”

அண்ணா, அந்தக் கடைசி வரிதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். நீலகிரியில் போதை மீட்புச் சிகிச்சையில் மனநல சமூகப் பணியாளராகப் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். பிள்ளையை இப்படிப் பறிகொடுத்த பெற்றோர் எல்லோரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். “விதி முடிஞ்சுபோச்சு, யாரு இருந்தும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது” என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வார்கள். அந்த ஆறுதல் பகலில் தாங்கும், ராத்திரியில் தாங்காது. அதனால் மறைக்காமல் சொல்கிறேன்: பிழைக்க வாய்ப்பு இருந்தது.

ஹெராயின், மார்ஃபின், டிரமடால், டேபென்டடால் எல்லாம் ஓபியாய்டு என்ற ஒரே குடும்பத்து மருந்துகள். வலியை அடக்குகிற அதே வேலையோடு, மூளைத்தண்டில் மூச்சை நடத்துகிற இடத்தையும் இவை மந்தமாக்குகின்றன. நாம் தூங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு கொஞ்சம் ஏறினாலும் உடம்பு தானாகவே மூச்சை இழுத்துவிடும். இந்த மருந்து அளவு மீறினால் அந்தத் தூண்டுதல் போய்விடுகிறது. மூச்சு 20 நொடிக்கு ஒன்று, பிறகு அதுவும் இல்லை. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால், தனித்தனியாக எடுத்திருந்தால் உயிர் போகாத அளவுகூட உயிரை எடுத்துவிடும். மேஜிக் காளான், கஞ்சா என்றுதான் மலைப்பிரதேசத்தைப் பற்றிச் செய்தி வரும். கஞ்சா மனதைக் கெடுக்கும், படிப்பைக் கெடுக்கும். ஆனால் இப்படி மூச்சை நிறுத்துவது இந்த மாத்திரைகள்தான். 2018-ல் டிரமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு டேபென்டடால் கைமாற ஆரம்பித்தது.

உங்கள் மகனின் நண்பர்கள் கேட்டது குறட்டை இல்லை. தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கு பின்பக்கம் சரிந்து, அடைபட்ட வழியில் காற்று புகுந்து வருகிற சத்தம் அது. கொரகொரவென்று இழுக்கும், நடுவில் நின்றுவிடும், மறுபடி இழுக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும், கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கும். தட்டினாலும் கிள்ளினாலும் முழிப்பு வராது. இந்த நிலை சில நிமிஷத்தில் முடிந்துவிடுவதும் உண்டு, ஒன்றிரண்டு மணி நேரம் நீடிப்பதும் உண்டு. அந்த இடைவெளியில் பக்கத்தில் ஆள் இருந்து, 108-க்கு அழைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதியிருந்தால் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோயிருக்கலாம். அங்கே நலாக்சோன் என்று ஓர் ஊசி மருந்து இருக்கிறது. ஓபியாய்டை அது ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து தள்ளிவிட்டு, சில நிமிஷத்திலேயே மூச்சைத் திரும்ப ஓடவைக்கும். அதன் வேகம் 30 முதல் 90 நிமிஷத்தில் இறங்கிவிடும், உள்ளே இருக்கும் போதை மறுபடி அமுக்கும். அதனால் முழித்துக்கொண்டான் என்று கூட்டிவந்துவிடாமல் சில மணி நேரம் கண்காணிப்பில் வைக்க வேண்டும். மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துதான் இது, விலை உயர்ந்ததும் இல்லை.

அந்தப் பையன்களுக்கு இதில் ஒரு வரிகூட யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. போதை கூடாது என்று பத்து வருஷமாகப் பள்ளியில் கேட்டிருப்பார்கள்; போதை ஒழிப்பு தினமான ஜூன் 26 தோறும் உறுதிமொழி எடுத்திருப்பார்கள். கூட இருப்பவன் கொரகொரவென்று மூச்சு இழுத்தால் என்ன செய்வது என்று கேட்டதே இல்லை. நீங்கள் பேசப் போவதாக இருந்தால், அண்ணா, பேச வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம்.

பள்ளிப் பிள்ளைகளிடம் அல்ல. இதைக் கேட்டு வருத்தப்படாதீர்கள். சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்திப் பேசுவது, போதையில் இருந்து மீண்டவர்களை மேடையேற்றிக் கதை சொல்லவைப்பது, இவற்றால் பயன் இல்லை, சில சமயம் கெடுதலும் நடக்கிறது என்று ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகம் 2013-ல் வெளியிட்ட தடுப்பு நெறிமுறைகளிலேயே சொல்லியிருக்கிறது. 2018 பதிப்பிலும் அதே முடிவுதான். ஒன்பதாம் வகுப்புக் கூட்டத்தில் நீங்கள் அழுதால் பிள்ளைகளும் அழுவார்கள். அதில் ஏற்கெனவே மாத்திரை பக்கம் போய்விட்ட ஒருவன் இருந்தால், இனி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்ற முடிவோடு வீட்டுக்குப் போவான். எந்த மாத்திரை, எப்படிக் கரைத்தார்கள் என்பதெல்லாம் அந்த வயதுக்குத் தேவையில்லாத தகவல்.

கோத்தகிரி பக்கம் மேல்நிலை மாணவர்களுக்கு நடந்த ஒரு கூட்டம் நினைவிருக்கிறது. ஒரு அதிகாரி முக்கால் மணி நேரம் சட்டப்பிரிவுகளையும் தண்டனைகளையும் வாசித்தார். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றதும் யாரும் கை தூக்கவில்லை. எல்லோரும் கலைந்து ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு போகும்போது, ஒரு பையன் ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி வாசல் பக்கம் குனிந்துகொண்டே நின்றான். கடைசி ஆளும் போன பிறகு கேட்டான்: “மேடம், ஃப்ரெண்டு மயங்கிட்டான்னு 108-க்கு போன் பண்ணா நம்ம பேரையும் எழுதிப்பாங்களா?” அந்த முக்கால் மணி நேரத்தில் அவனுக்குக் கிடைத்தது அந்தப் பயம் ஒன்றுதான். உங்கள் மகனின் அறையில் இருந்தவர்களையும் அதே பயம் பிடித்திருக்கலாம்.

அவனுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், மற்றவர்களிடம் நீங்கள் தவறில்லாமல் சொல்ல வேண்டியிருக்கும். ஆம்புலன்ஸை அழைப்பது குற்றமே இல்லை. ஆபத்தில் வருகிறவருக்கு முதலில் சிகிச்சை, பிறகுதான் போலீஸ் நடைமுறை என்று பர்மானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால், பயன்படுத்தியதற்காகவும் சிறிய அளவு வைத்திருந்ததற்காகவும் வழக்குத் தொடரக் கூடாது என்று என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்புக் கொடுக்கிறது. ஆனால் கூட இருந்த நண்பனுக்கு, “நீ போன் பண்ணதால உன்மேல கேஸ் வராது” என்று உறுதி சொல்கிற பிரிவு நம் சட்டத்தில் கிடையாது. சாலை விபத்தில் உதவுகிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்துப் பாதுகாப்புக் கொடுத்தார்கள். அறைக்குள் மயங்கிக் கிடப்பவனுக்கு உதவுகிறவனுக்கு அது இல்லை.

மற்ற நாடுகளில் இது வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2007-ல் நியூ மெக்சிகோ மாநிலம்தான் இப்படி ஒரு சட்டத்தை முதலில் கொண்டுவந்தது. கனடாவில் 2017 மே மாதம் நாடு முழுவதற்கும் சட்டமானது. அங்கே அதற்கு முந்தின வருஷம், மகன்களை இதே மாதிரி பறிகொடுத்த லெஸ்லி மெக்பெய்ன், பெட்ரா ஷுல்ஸ், லோர்னா தாமஸ் என்ற மூன்று அம்மாக்கள் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். ‘எங்கள் பிள்ளைகளைக் குற்றவாளியாகப் பார்க்காதீர்கள், நோயாளியாகப் பாருங்கள்’ என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம். இன்னொரு பக்கம், துக்கத்தில் இருக்கும் மற்றப் பெற்றோரைத் தேடிப்போய்க் கூட உட்காரும் வேலையையும் செய்கிறார்கள். நம் ஊரில் பெற்றோர் குரல் என்றால் ‘போதைக்காரனைத் தூக்கில் போடு’ என்பதோடு நின்றுவிடுகிறது. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. விற்றவனைப் பிடிக்கத்தான் வேண்டும். மருத்துவர் சீட்டு இல்லாமல் மாத்திரை கொடுக்கும் கடை உங்களுக்குத் தெரிந்தால் மருந்து ஆய்வாளரிடமும், போதைப்பொருள் பற்றிப் புகார் சொல்லும் 10581 எண்ணிலும் சொல்லுங்கள். அதைச் சொல்வதற்குப் பள்ளிக்கூட மேடை வேண்டாம்.

யாரிடம் பேசுவது? முதலில் பெற்றோரிடம். பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளை வருஷா வருஷம் கீழே அனுப்புகிறோம். கோவையில் விடுதி, வாடகை அறை, புது சிநேகிதம். வாரக்கடைசியில் பஸ் ஏறி வந்துவிட்டுப் போகிற பிள்ளையின் முகத்தை மட்டும் வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கை சட்டை, அடிக்கடி அவசரமாகக் காசு, கழிவறையில் நெடுநேரம், ஒருநாள் எடுக்காவிட்டால் காய்ச்சல் மாதிரி மூக்கொழுகி, கை கால் உளைச்சலோடு சுருண்டு கிடப்பது. இதைச் சொல்ல டாக்டர் வந்தால் கேட்டுவிட்டுப் போவார்கள். நீங்கள் சொன்னால் அன்றைக்கு ராத்திரியே பிள்ளைக்குப் போன் போடுவார்கள்.

அந்தப் பெற்றோரிடம் இன்னொன்றையும் அழுத்திச் சொல்லுங்கள், இது எனக்கு மிகவும் முக்கியம். பிள்ளை சில வாரம் மையத்தில் இருந்து திரும்பி வருகிற நேரம்தான் அதிக ஆபத்தான நேரம். பழக்கத்தில் இருந்தபோது தாங்கிய அளவை, நிறுத்தி வைத்த உடம்பு தாங்காது. ஒருநாள் சறுக்கி, பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும். மையத்தில் விட்டுக் கூட்டிவந்தாயிற்று, இனி கவலையில்லை என்று வீடு தளர்கிற சமயத்தில் நடக்கும் சாவுகள் இவை. மையத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி போதை மீட்பு மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அடித்துத் திருத்துகிறோம் என்று சொல்லும் இடத்தில் பிள்ளையை விடக் கூடாது. அரசு மருத்துவமனைகளிலேயே கலங்கரை என்ற பெயரில் 2025-ல் மாநிலத்தில் 25 மையங்கள் தொடங்கியிருக்கிறார்கள். அருகில் எது என்று 14446 எண்ணில் கேட்கலாம், அது மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், கட்டணம் கிடையாது.

பெற்றோருக்கு அடுத்து கல்லூரி விடுதிக் காப்பாளர்கள், 18 வயது தாண்டிய இளைஞர்கள், எஸ்டேட் மருந்தகத்தில் இருப்பவர்கள், ஜீப் ஓட்டுநர்கள். ஜீப் ஓட்டுநரை ஏன் சேர்க்கிறேன் என்றால், நம் மலையில் 108 வந்து சேரும் நேரம் ஊருக்கு ஊர் வேறு. மழைக்காலத்தில் மண் சரிந்திருக்கும், கூடலூர் பக்கம் ராத்திரியில் ரோட்டில் யானை நிற்கும், எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடு வரைக்கும் வண்டி ஏறாது. போன் பண்ணிவிட்டுக் காத்திருக்கும் அந்த நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் காலை மடக்கி முட்டுக்கொடுத்து, வாயில் இருப்பதைத் துடைத்துவிட்டு, மூச்சை எண்ணிக்கொண்டே பக்கத்தில் இருக்க வேண்டும். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத்தண்ணீர் எதையும் வாயில் ஊற்றக் கூடாது, நேராக நுரையீரலுக்குப் போகும். தலையில் பச்சைத்தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். குளிருக்குக் கம்பளி போர்த்தலாம், ஆனால் முகம் தெரிய வேண்டும். என்ன போட்டான் என்பதை ஆம்புலன்ஸில் வருகிறவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அரசிடம் கேட்பதற்கும் ஒன்று இருக்கிறது, அது உங்கள் ஒருவராலேயே முடியும். நீலகிரியில் உள்ள ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நலாக்சோன் இருப்பில் இருக்கிறதா, கடைசியாக எப்போது வாங்கினார்கள், 108 வண்டிகளில் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். மருத்துவமனைகளுக்கு மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம், சுகாதார நிலையங்களுக்கு மாவட்ட சுகாதார அலுவலகம். ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு நிற்கிறவன் அவ்வளவு தூரம் போய்ச் சேர மாட்டான், பக்கத்து ஆஸ்பத்திரியில் அந்த ஊசி இருக்க வேண்டும். பதில் வந்ததும், அதை இணைத்து திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனுவாகக் கொடுங்கள். அழுதுகொண்டு நீட்டும் மனுவைவிட, எந்தெந்த ஊரில் இருப்பு இல்லை என்று எழுதியிருக்கும் மனுவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இனி உங்கள் மனைவியைப் பற்றி. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை மீறிக்கொண்டு நீங்கள் எந்த மேடைக்கும் போகக் கூடாது. துக்கத்தில் ஆண்கள் பெரும்பாலும் ஏதாவது செய்யப் பார்ப்பார்கள்; ஓடிக்கொண்டே இருந்தால் வலி கொஞ்சம் பின்தங்கும். அம்மாக்களுக்கு அந்த அறை, அந்தத் துணி, அந்தத் தட்டு. நீங்கள் வெளியே போய் அவன் பெயரைச் சொல்லச் சொல்ல, வீட்டில் அவன் பெயரைச் சொல்ல ஆளில்லாமல் போய்விடும் என்ற பயம்கூட அவருக்கு இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். முதலில் வீட்டுக்குள் பேசுங்கள். மகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்று நான் கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். போன் வைத்திருக்கும் பிள்ளைகளிடம் இதெல்லாம் மறைவதில்லை. அண்ணனைப் பற்றிய பொய்யை வகுப்பில் அவள் தனியாகச் சுமந்துகொண்டு திரிய வேண்டாம். பிறகு இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிக்கு, தாய்மாமனுக்கு. அவர்கள் உங்கள் வாயிலிருந்து கேட்க வேண்டும்.

காகிதத்தில் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் மனைவிக்கு இருந்தால் ஒன்றைச் சொல்லுங்கள். 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, வெளியில் கொடுக்கும் இறப்புச் சான்றிதழில் சாவுக்கான காரணத்தைக் குறிப்பிடக் கூடாது. மகள் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ அந்தச் சான்றிதழை எங்கே நீட்டினாலும் அதில் அது இருக்காது. போஸ்ட்மார்ட்டம் அறிக்கையும், உள்ளுறுப்புகளைச் சோதித்துத் தரும் விசரா அறிக்கையும் வேறு. அவற்றின் நகலை வாங்கி வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் காட்டத் தேவையில்லை. மகனின் பெயர், படம், ஊர் பெயர் இந்த மூன்றையும் வெளியே சொல்வது மனைவியும் மகளும் சரி என்ற பிறகு மட்டும். “நீலகிரிக்காரன், மகனை இழந்த அப்பா” என்று மட்டும் சொல்லிக்கொண்டே நீங்கள் எல்லா வேலையும் செய்யலாம். பத்திரிகைக்காரர் வந்தால் இந்த நிபந்தனையை எழுதிக் கொடுத்துவிட்டே பேசுங்கள்.

முதல் வருஷ திதி முடியும்வரை பெரிய கூட்டம் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதுவரை மனு வேலையைப் பாருங்கள். பேசித்தான் ஆக வேண்டும் என்றிருந்தால் உங்கள் எஸ்டேட் மகளிர் குழுவில் பத்து நிமிஷம் பேசுங்கள், மனைவி விரும்பினால் கூட உட்காரட்டும். ராத்திரித் தூக்கம் சேர்ந்தாற்போல் போய்விட்டால், நீங்களோ அவரோ ‘அவன் கூடவே போயிருக்கலாம்’ என்று நினைக்க ஆரம்பித்தால், குடி கூடினால், 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

நண்பர்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கும் 20 வயதுதான். அந்தக் குறட்டைச் சத்தம் அவர்கள் காதிலும் இருக்கும். 18 தாண்டிய பையன்கள் மத்தியில், “தூங்குறான்னு நினைச்சுட்டோம், போன் பண்ணியிருக்கணும்” என்று அவர்களில் ஒருவன் சொன்னால், உங்கள் பேச்சைவிட என் பேச்சைவிட அது போய்ச் சேரும். உங்களுக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை என்றால் இதை விட்டுவிடுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. முடியும் என்று எப்போதாவது தோன்றினால், அவனைக் கூப்பிடுவதற்கு முன்னால் மனைவியிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.